காவலும் நஞ்சும் ஒரே இழையில்

நியூசிலாந்தில் கோடை முற்றும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் செம்மறி வளர்ப்பவர்கள் மந்தையை விரட்டி ஓட்டத் தயங்குவார்கள். விரட்டினால் சில ஆடுகளுக்குத் தலை நடுங்கும், கால்கள் விறைக்கும், நாலடி துள்ளி ஓடப் பார்த்துப் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். சும்மா விட்டால் சில நிமிடங்களில் எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல மேயப் போகும். இந்த நோய் ஆட்டை நேராகக் கொல்வது அரிது. சாய்கிற இடத்தில் ஓடையோ பள்ளமோ இருந்தால்தான் ஆபத்து. ‘ரைப்புல் தள்ளாட்டம்’ என்பது அங்கே அதற்கு வழங்கும் பெயர். வேறு மேய்ச்சலுக்கு மாற்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் குணமாகிவிடும் என்பதும் பண்ணைக்காரர்களுக்குத் தெரியும். காரணம் மட்டும் பல பத்தாண்டுகள் பிடிபடவில்லை. ஒருவர் நிலத்து ரைப்புல் ஆட்டைச் சாய்க்கும்; அடுத்த வேலிக்குள் இருக்கும் அதே ரைப்புல் ஒன்றும் செய்யாது.

1981இல் இரண்டு விடைகள் ஒன்றாக வந்தன. லிங்கன் என்ற ஊரில் ஆய்வு செய்த ஃபிளெட்சரும் ஹார்வியும், தள்ளாட்டம் வரும் வயல்களின் புல்லுக்குள் ஒரு பூஞ்சை குடியிருப்பதையும், வராத வயல்களில் அது இல்லாததையும் காட்டினார்கள். கேலகரும் அவரது சகாக்களும் நோய் தரும் புல்லிலிருந்து லோலிட்ரெம் என்னும் நரம்பு நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். நரம்பிலும் தசையிலும் பொட்டாசியம் வெளியேறும் ஒருவகை வாயிலை அடைத்துவிடும் வேதிப்பொருள் அது. ஒரு கிலோ உலர்புல்லில் சுமார் 2 மில்லிகிராம் இருந்தாலே செம்மறிக்கு நடுக்கம் தொடங்கிவிடும்.

அந்தப் பூஞ்சையின் இன்றைய பெயர் எபிக்ளோயி. இலையின் மேல் வெள்ளையாகப் படர்வதோ புள்ளி விழச் செய்வதோ இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் பூஞ்சை உள்ள புல்லும் இல்லாத புல்லும் ஒன்றுபோலவே பச்சையாக இருக்கும். இலையுறையின் உட்பக்கத் தோலை மெல்ல உரித்து, நீலச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால்தான் செல்களின் நெடுகச் சன்னமான இழைகள் ஓடுவது தெரியும். இழைகள் செல்களுக்கு உள்ளே போவதில்லை. செல்களுக்கு இடையில் உள்ள சந்துகளில் வசிக்கின்றன. செடியிலிருந்து கசியும் சர்க்கரைதான் உணவு. பூ எடுக்கும்போது இழை பூந்தண்டில் ஏறி, விதைக்குள் புகுந்து, அடுத்த தலைமுறை முளையில் இடம் பிடிக்கிறது. ரைப்புல்லில் இருக்கும் வகைக்கு ஒரு செடியிலிருந்து இன்னொரு செடிக்குக் காற்றில் பறந்து தொற்றும் வழியே கிடையாது. தாய்ச்செடியிலிருந்து விதை, விதையிலிருந்து செடி என்ற ஒரே பாதைதான். செடி செத்தால் தானும் சாக வேண்டிய நிலையில் இருக்கும் ஓர் உயிர் தான் குடியிருக்கும் செடியை நோயில் தள்ளாமல் இருப்பதில் வியப்பில்லை.

வியப்பு வேறொன்றில் இருக்கிறது. பூஞ்சை இழைகள் பொதுவாக நுனியில் மட்டுமே வளரும். புல்லின் இலையோ அடிப்பகுதியில் வளர்ந்து மேலே தள்ளப்படுவது. நுனியில் வளரும் இழை, நாளுக்குச் சில சென்டிமீட்டர் நீளும் இலையின் செல்களில் ஒட்டிக்கொண்டிருந்தால் அறுந்துபோக வேண்டும். அறுவதில்லை. எபிக்ளோயியின் இழை நடுப்பகுதி நெடுகப் புதிய செல்களைச் சேர்த்து, இலை நீளும் அதே வேகத்தில் தானும் நீள்கிறது என்று 2008இல் கிறிஸ்டென்சனும் சகாக்களும் காட்டினார்கள். இலை வளர்ச்சி நின்றால் இழையும் நின்றுவிடும். சாவதில்லை, வளராமல் உயிரோடு இருக்கும். இந்த அடக்கம் எவ்வளவு நுட்பமான ஏற்பாடு என்பதை மாஸி பல்கலைக்கழகத்தில் பேரி ஸ்காட்டின் குழு 2006இல் கண்டது. பூஞ்சையின் ஒரே ஒரு மரபணுவைக் கெடுத்ததும் இழைகள் கட்டுமீறிக் கிளைத்தன. புல் குட்டையாகி, முதிராமலே பட்டுப்போனது. நட்புக்கும் நோய்க்கும் நடுவே அங்கே இருந்தது ஒரு மரபணு.

புல்லுக்குள் பூஞ்சை இருக்கிறது என்பது 1981இல் புதிய செய்தி அல்ல. கோதுமை வயலில் களையாக முளைக்கும் டார்னெல் என்ற புல்லின் விதைக்குள் பூஞ்சை இழை இருப்பதை 1898இலேயே ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் பார்த்துவிட்டார்கள். கோதுமையோடு கலந்து அரைபட்ட டார்னெல் விதை மனிதருக்கு மயக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுக்கும். மத்தேயு நற்செய்தியில் பகைவன் இரவோடு இரவாக விதைத்துவிட்டுப் போகும் களை இதுதான் என்று உரையாசிரியர் பலர் கருதுகிறார்கள். நம் பக்கத்தில் வரகுச்சோறு சில சமயம் கிறுகிறுப்பைத் தரும் என்ற பழைய எச்சரிக்கைக்குப் பின்னாலும் பூஞ்சை நஞ்சு இருக்கிறது. 2024இல் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கர் காட்டில் 10 யானைகள் இறந்தபோது பரிசோதனைகள் சுட்டியதும் வரகில் இருந்த சைக்ளோபியாசோனிக் அமிலத்தைத்தான். ஆனால் வரகில் நஞ்சு வைப்பது பெரும்பாலும் ஈரத்தில் தானியத்தின்மேல் படரும் பூசணம். எபிக்ளோயிபோலத் தலைமுறை தலைமுறையாக உள்ளே வாழ்வது அல்ல.

அமெரிக்காவிலும் இதே கதை வேறு புல்லில் நடந்துகொண்டிருந்தது. 1931இல் கென்டக்கி மாநிலத்து மலைச்சரிவுப் பண்ணை ஒன்றில், வறட்சியிலும் பசுமையாக நின்ற ஃபெஸ்க்யூ புல்லைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பார்த்து விதை சேகரித்தார். 1943இல் ‘கென்டக்கி 31’ என்ற பெயரில் அது வெளிவந்து, தென்கிழக்கு அமெரிக்காவை மூடியது. மாடுகளுக்குக் கால் குளம்பு அழுகல், வெயில் தாங்காமை, எடை குறைவு என்று தொல்லைகளும் கூடவே வந்தன. ஜார்ஜியாவில் ஒரு பண்ணையின் இரண்டு வயல்களை ஒப்பிட்ட சார்லஸ் பேகனும் அவரது சகாக்களும் 1977இல் பூஞ்சையைக் குற்றவாளியாக நிறுத்தினார்கள். பிறகு பூஞ்சை நீக்கிய விதை சந்தைக்கு வந்தது. மாடு கொழுத்தது. புல்தான் நிற்கவில்லை, வறட்சி வந்த வருஷமே பல வயல்கள் கருகிப்போயின. மலைச்சரிவில் பேராசிரியர் கண்ட பசுமையின் ஒரு பங்கு பூஞ்சையினுடையது என்பது அப்போதுதான் உறைத்தது.

நியூசிலாந்துக்காரர்களுக்கும் முதலில் தோன்றியது அதே யோசனைதான்: பூஞ்சையை நீக்கிவிடலாம். நீக்குவது சிரமமே இல்லை. விதையைச் சூடும் ஈரப்பதமும் உள்ள கிடங்கில் ஒன்றிரண்டு வருஷம் போட்டு வைத்தால் போதும். விதை முளைக்கும் திறனோடு இருக்கும், உள்ளே பூஞ்சை செத்திருக்கும். பழைய விதையை விதைத்தவர் நிலத்தில் தள்ளாட்டம் இல்லாமலும், புதிய விதையை விதைத்தவர் நிலத்தில் இருந்தும் வந்த அந்தப் பழைய புதிரும் இதில் பெருமளவு அவிழ்ந்துவிட்டது.

ஆனால் 1982இல் ஹாமில்டன் நகரத்து ருவாகுரா ஆய்வு நிலையத்திலிருந்து பிரெஸ்டிட்ஜும் சகாக்களும் வெளியிட்ட செய்தி அந்த யோசனையைத் தடுத்து நிறுத்தியது. தென்னமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த அர்ஜென்டினா தண்டுக் கூன்வண்டு நியூசிலாந்து மேய்ச்சல் நிலங்களின் பெரிய எதிரி. வளர்ந்த வண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அது இலையைச் சுரண்டித் தின்பதால் அதிக நட்டமில்லை. இலையுறைக்குள் இடும் முட்டையிலிருந்து வரும் புழுதான் தூரைக் குடைந்து நடுக்குருத்தைக் கொல்லும். ஒரு தூர் தீர்ந்ததும் அடுத்ததற்குப் போகும். இந்த வண்டு தீர்த்துக்கட்டிய ரைப்புல்லையும் தப்பிய ரைப்புல்லையும் சோதித்தபோது, தப்பியதற்குள் பூஞ்சை இருந்தது. தீர்ந்துபோனது, ஆட்டின் நலத்துக்கு உகந்ததென்று எல்லோரும் நினைத்த ‘சுத்தமான’ புல். களையெடுக்கப் போய்ப் பயிரைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் வேதியியல் கைகொடுத்தது. பூஞ்சை ஒரே நஞ்சைச் சுரக்கவில்லை, பலவற்றைச் சுரக்கிறது. ஒவ்வொன்றின் இலக்கும் வேறு. லோலிட்ரெம் பி ஆட்டைத் தள்ளாட வைப்பது. எர்கோவாலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி மாட்டுக்கு வெப்பத்தைத் தாங்க முடியாமல் செய்வது. கென்டக்கி 31 விவகாரத்தில் முதன்மைக் குற்றவாளி இதுவே. 1986இல் அடையாளம் தெரிந்த பெரமைன் மூன்றாவது. அது வண்டைக் கொல்வதில்லை. வாய் வைத்த வண்டு தின்ன மனமில்லாமல் விலகிப் போகும். தின்னாத இடத்தில் முட்டையும் குறைவு. கால்நடைக்குப் பெரமைனால் தீங்கு தெரியவில்லை. இந்தச் சரக்குகளைச் செய்யும் மரபணுக்கள் தனித்தனி. ஆகவே பெரமைன் சுரந்து மற்ற இரண்டையும் சுரக்காத பூஞ்சை ரகம் இயற்கையில் எங்காவது இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். பூச்சிக்கொல்லித் தொழிலின் வழக்கமான கேள்வி ‘எது கொல்லும்?’ என்பது. இங்கே ‘யாரைக் குடிவைப்பது?’ என்று கேட்டார்கள். இந்தத் துறையின் முழுச் சாமர்த்தியமும் அந்தக் கேள்வி மாறியதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ரைப்புல்லின் சொந்த ஊர் ஐரோப்பாவும் அதைச் சுற்றிய நிலங்களும். அங்குள்ள புல்வெளிகளிலிருந்து சேகரித்த செடிகளுக்குள் வெவ்வேறு பூஞ்சை ரகங்கள் இருந்தன. வேண்டிய ரகத்தைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதை நியூசிலாந்தின் நல்ல ரைப்புல்லுக்குள் நுழைப்பது மறுபாதி. காற்றில் தொற்றாத பூஞ்சை என்பதால் தெளிக்கவோ தூவவோ முடியாது. பால்மர்ஸ்டன் நார்த்தில் கேரி லாட்சும் கிறிஸ்டென்சனும் வகுத்த முறை கைவேலை: முளைத்துச் சில நாளே ஆன நாற்றின் குருத்தருகே ஊசியால் மெல்லியதாகக் கீறி, ஆய்வுத்தட்டில் வளர்த்த பூஞ்சையின் ஒரு துணுக்கை அதற்குள் வைப்பது. பெரும்பாலான நாற்றுகளில் அது பிடிக்காது. பிடித்த சிலவற்றிலிருந்து விதை எடுத்துப் பெருக்கினால், பிறகு பூஞ்சை தானாகவே தலைமுறை தாண்டும்.

முதலில் சந்தைக்குப் போன ஒரு ரகம் தோற்றது. லோலிட்ரெம் இல்லை என்று தேர்ந்தெடுத்த அது எர்கோவாலினைத் தாராளமாகச் சுரந்ததால் திரும்பப் பெறப்பட்டது. 2001இல் வந்த ஏஆர்1 நின்றது: பெரமைன் உண்டு, மற்ற இரண்டும் இல்லை. ஆடு தள்ளாடவில்லை, மாடு பால் கறந்தது, கூன்வண்டு விலகியது. ஆனால் வேரில் சாறு உறிஞ்சும் ஒருவகை அசுவினியும், கறுப்பு வண்டின் புழுவும் ஏஆர்1 வயல்களில் தொல்லை கொடுத்தன. ஒரு பூச்சியை மட்டும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தால் மற்றவற்றிடம் இப்படி மாட்டிக்கொள்ள நேரும்.

2007இல் ஏஆர்37 வந்தது. இதில் லோலிட்ரெம் பி இல்லை, எர்கோவாலின் இல்லை, பெரமைனும் இல்லை. ஆய்வாளர்களின் சூத்திரப்படி பார்த்தால் கூன்வண்டுக்கு எதிராக இது எதற்கும் உதவக்கூடாது. வயலிலோ கூன்வண்டின் புழு, வேர் அசுவினி, கறுப்பு வண்டு, போரினா என்ற புல்தின்னிப் புழு எல்லாவற்றையும் தாங்கி நின்றது. எபாக்சி ஜாந்திட்ரெம் என்ற வேறு வகைச் சேர்மங்களை இது சுரக்கிறது. ஆடுகளுக்கு இதிலும் சில சமயம் தள்ளாட்டம் வரும். ஆனால் பழைய பூஞ்சையால் வருவதைவிடக் குறைவாக. பூஞ்சை வாழ்வது புல்லின் மேற்பகுதியில். வேரில் அதற்கு இடமில்லை. அப்படியிருந்தும் வேரில் வசிக்கும் அசுவினி குறைகிறது. சூத்திரத்தை நம்பி, பெரமைன் இல்லை என்று முதல் சோதனையிலேயே இந்த ரகத்தைக் கழித்துக் கட்டியிருந்தால் நியூசிலாந்தின் மிக வெற்றிகரமான பூஞ்சை ரகம் குப்பைக்குப் போயிருக்கும். வயலில் நட்டுப் பார்க்கும் பழக்கம்தான் காப்பாற்றியது. இருபது ஆண்டுக் காப்புரிமைக் காலத்தில் ஏஆர்37 அந்நாட்டுப் பொருளாதாரத்துக்கு 360 கோடி நியூசிலாந்து டாலர் சேர்க்கும் என்று ஒரு மதிப்பீடு உண்டு. இத்தகைய மதிப்பீடுகளைச் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பது நல்லது. ஆனால் அந்நாட்டுப் பால்வளம் இந்தப் புல்லின்மேல் நிற்கிறது என்பதில் சந்தேகமில்லை.

அதே கூன்வண்டுக்கு எதிராக இன்னொரு உயிரியல் ஆயுதமும் இறக்கப்பட்டது. 1991இல் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மைக்ரோக்டோனஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவி, வண்டின் உடலுக்குள் முட்டையிட்டு அதை மலடாக்கிப் பிறகு கொல்வது. முதல் சில ஆண்டுகள் பிரமாதமாக வேலை செய்தது. பிறகு தாக்குதல் விகிதம் படிப்படியாகச் சரிந்தது. 2017இல் டோமசெட்டோவும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, வண்டு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதைக் காட்டியது. குளவி ஆண் இல்லாமலே இனம் பெருக்குவது. தாயும் மகளும் மரபில் ஒன்று. வண்டோ ஆண், பெண் கூடி ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணுக்களைக் கலைத்துப் போட்டுப் புதுக் கை ஆடுகிறது. மாறாத எதிரியை மாறுகிற இரை முந்திவிட்டது. உயிரியல் கட்டுப்பாடு என்றால் பூச்சி எதிர்ப்புத்திறன் பெறாது என்று நம்மூர் விவசாயக் கூட்டங்களில் சிலர் அடித்துச் சொல்வதுண்டு. அவர்கள் படிக்க வேண்டிய ஆய்வு இது.

ஒரு சின்ன கிளைக்கதை. ஆட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய, நஞ்சு மிகுந்த பூஞ்சை ரகங்களுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஓடுபாதை ஓரப் புல்லில் மேய வரும் பறவைகள் விமானத்தில் மோதுவது விமான நிலையங்களின் ஓயாத தலைவலி. அந்த ரகங்கள் குடியிருக்கும் புல்லைத் தின்ற பறவைக்கு வயிற்றைப் புரட்டும். அடுத்த முறை அந்தப் பக்கம் வராது. புல்லில் பூச்சி குறைவதால் பூச்சி தேடி வரும் பறவையும் குறையும். கிறைஸ்ட்சர்ச் விமான நிலையத்தில் சோதித்த இந்தப் புல் விற்பனைக்கும் வந்துவிட்டது. நஞ்சு என்பது யாருக்கு, எங்கே என்பதைப் பொறுத்தது.

இதெல்லாம் மேய்ச்சல் புல். நாம் உண்ணும் பயிர்களில் இந்த வித்தை பலிக்குமா? எபிக்ளோயி இயற்கையில் வாழ்வது ரைப்புல், ஃபெஸ்க்யூ போன்ற குளிர்நிலப் புற்களில் மட்டும். நெல், சோளம், கம்பு ஆகியவை அந்தக் குடும்பக் கிளையில் இல்லை. ஆகவே ஆய்வாளர்களின் பார்வை வேறு பக்கம் திரும்பியது: ஏற்கெனவே பூச்சிகளைக் கொன்று பழகிய பூஞ்சைகளின் பக்கம்.

பிவேரியா பேசியானா, மெட்டாரைசியம் என்ற பெயர்கள் தமிழ்நாட்டு உழவர்களுக்குப் புதியவை அல்ல. எருக்குழியில் காண்டாமிருக வண்டின் புழுவைக் கொல்ல மெட்டாரைசியம் இடுவது தென்னை விவசாயிகளுக்குத் தெரிந்த சங்கதி. பிவேரியாவின் பின்பெயர் அகோஸ்டினோ பாசி என்ற இத்தாலியரைக் குறிப்பது. பட்டுப்புழுக்கள் வெள்ளைப் பூத்துச் சாவதற்கு ஒரு நுண்ணுயிர்தான் காரணம் என்று அவர் 1835இல் நிறுவினார். பாஸ்டருக்கும் கோக்கிற்கும் முந்திய கதை அது. வித்து பூச்சியின் தோலில் விழுந்து, முளைத்து, துளைத்து உள்ளே போய்க் கொல்வது இந்தப் பூஞ்சைகளின் வழக்கம். அவை செடிக்குள்ளும் குடியிருக்கும் என்பது பின்னால்தான் தெரிந்தது. 1991இல் அயோவாவில் பிங்கும் லூயிஸும் மக்காச்சோளக் குருத்தில் பிவேரியாவை இட்டபோது அது தண்டுக்குள் பரவியது. தண்டுத் துளைப்பான் குடைந்த சுரங்கத்தின் நீளம் குறைந்தது. உகாண்டாவில் திசு வளர்ப்பு வாழைக்கன்றுகளின் வேரையும் கிழங்கையும் பிவேரியாக் கரைசலில் நனைத்து நட்டபோது கிழங்குக் கூன்வண்டுப் புழுவின் சேதம் குறைந்தது. நம் வாழைத் தோட்டங்களில் கிழங்கைக் குடைவதும் அதே வண்டுதான்.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்த சோதனை கனடாவின் பிராக் பல்கலைக்கழகத்தில் பீஹீ, பிடோச்கா குழு 2012இல் செய்தது. மெழுகுப்பூச்சியின் புழுக்களுக்குள் நைட்ரஜனின் கனமான ஓரகத்தனிமத்தை ஏற்றி, மெட்டாரைசியத்தால் தொற்ற வைத்து, மண்ணில் புதைத்தார்கள். புழுவுக்கும் அவரைச்செடியின் வேருக்கும் நடுவே வேர் நுழைய முடியாத, பூஞ்சை இழை மட்டும் நுழையக்கூடிய நுண்வலை. சில நாளில் புழுவின் நைட்ரஜன் அவரை இலையில் இருந்தது. பூஞ்சை புழுவைக் கொன்று, அதன் சத்தைச் செடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது. செடி பதிலுக்குக் கார்பன் கொடுக்கிறது என்பதை அதே குழு 2017இல் காட்டியது. பூச்சி செடியைத் தின்பதைத்தான் நாம் பார்க்கிறோம். மண்ணுக்கடியில் செடி பூச்சியைத் தின்றுகொண்டிருக்கிறது.

ஆனாலும் பிவேரியா செடிக்குள் வாழ்வதும் எபிக்ளோயி வாழ்வதும் ஒன்றல்ல. பிவேரியாவும் மெட்டாரைசியமும் பொதுவாக விதை வழியே அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. விதை நேர்த்தியிலோ வேர் நனைப்பிலோ ஒவ்வொரு பருவத்திலும் புதிதாகக் குடியேற்ற வேண்டும். சில வாரம், சில மாதம் இருக்கும், பிறகு மங்கிவிடும். மண்ணில் உள்ள மற்ற நுண்ணுயிர்களோடு போட்டி, பயிர் ரகம், பூஞ்சை ரகம், வெயில் எல்லாமே முடிவை மாற்றும். ஆய்வகத் தொட்டியில் கிடைத்த பலன் வயலில் கிடைக்காமல் போவது சாதாரணம். இன்னொரு சிக்கல்: பூஞ்சை உள்ள செடியைத் தின்ற பூச்சி, வெள்ளைப் பூத்துச் சாவது அபூர்வம். வளர்ச்சி குன்றுவதும் முட்டை குறைவதும்தான் அதிகம் தெரிகிறது. பூஞ்சையின் வேதிப்பொருள்களும், பூஞ்சை தூண்டிவிடும் செடியின் சொந்தத் தற்காப்பும்தான் அங்கே வேலை செய்கின்றன என்று கருதுகிறார்கள். தெளித்த மறுநாள் செத்த பூச்சியை எண்ணிப் பழகிய கண்ணுக்கு இது வெற்றியாகத் தெரியாது. கடையில் வாங்கும் பிவேரியாப் பொட்டலம் தெளிப்பதற்கென்று தேர்ந்தெடுத்த ரகமாக இருக்கும். அது செடிக்குள் குடியேறும் என்று பொட்டலத்தை வைத்து முடிவுகட்ட முடியாது.

விதை வழியே போகும் பூஞ்சையை உணவுப் பயிருக்குள் கொண்டுவர நியூசிலாந்துக்காரர்கள் முயன்றிருக்கிறார்கள். கோதுமைக்கும் ரை தானியத்துக்கும் தூரத்து உறவான எலைமஸ் என்ற காட்டுப்புல்லிலிருந்து எபிக்ளோயி ரகங்களை எடுத்து, அதே ஊசிமுறையில் நாற்றுகளுக்குள் வைத்தார்கள். கோதுமையில் பல செடிகள் குட்டையாகின, சில செத்தன. ரை தானியம் ஏற்றுக்கொண்டது. சில ரகங்களோடு சாதாரணமாக வளர்ந்து விதையும் கட்டியது. மேய்ச்சல் புல்லில் எழாத ஒரு கேள்வி இங்கே எழுகிறது. பூஞ்சை தன் வாரிசை வைப்பது விதையில். ரையில் மனிதர் உண்பதும் அந்த விதையைத்தான். இதனால்தான் லோலின் என்ற சேர்மங்களின்மேல் கவனம் குவிந்திருக்கிறது. பூச்சிகளுக்குக் கடுமையாகவும் பாலூட்டிகளுக்கு மென்மையாகவும் தெரியும் அவற்றைப் புல்வெளி ஃபெஸ்க்யூவில் வாழும் ஒரு எபிக்ளோயி ஏராளமாகச் சுரக்கிறது. அத்தகைய ரகம் தானியப் பயிரில் ஒழுங்காகக் குடியேறினாலும், அறுவடையான மணியில் எவ்வளவு லோலின் தங்குகிறது, மாவாக்கிச் சுட்ட பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனியே அளந்து காட்டிய பிறகே அது வயலுக்கு வர முடியும்.